பூட்டப்பட்ட குரல்

பெரியவரை நோக்கி அதுவரை யாரும் விரல் நீட்டிப் பேசியதில்லை. அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து அந்த ஒலிப்பதிவுக்கூடத்தையும் அதன் மாடியில் இருந்த வீட்டையும் அவர்தான் தலைமேல் சுமந்தார். கோபமாகக் கத்திக்கொண்டு படியேறி வந்தவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படிப்பட்டவரிடம், சம்பந்தி வீட்டார் மாடி வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மருமகள் கையில் போனுடன் வந்து கேட்டாள்.

"மாமா, இன்னிக்குக் காலைல சின்ன மாமாவோட ஃபோல்டர நீங்க திறந்தீங்களா?"

"நானா? நான் எதுக்கும்மா அதத் திறக்கணும்?"

"அதுல நான் சும்மா ஒரு பொய் ஃபைல் வச்சிருந்தேன். அதுல யாருக்கும் எந்த வேலையும் இல்ல. யாராவது தொட்டா என் போன்ல மணி அடிக்கும். இன்னிக்கு அடிச்சிருக்கு. தொட்டது உங்க பேர்ல."

சம்பந்தி நாகரிகமான மனிதர். அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பார்ப்பதற்கு ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் வேறொரு அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்ப்பவள். அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பெரியவர் காதில் விழுந்தது வேறு. இந்த வீட்டுக்குள் ஒரு பொறி வைத்தேன், அதில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள் என்றுதான் அவருக்குக் கேட்டது.

"என் தம்பிய நானே வேவு பாக்கறேன்னு சொல்றியா?"

"ஐயோ மாமா, நீங்கன்னு சொல்லல. உங்க பேர்ல வேற யாரோ..."

"என் பேர்ல வேற யாரு? இந்த வீட்ல இருக்கறதே என் பேர் ஒண்ணுதான்."

அதுவும் உண்மைதான். பதிவுக்கூடத்தின் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் பெரியவரின் பெயரைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். தம்பி, மகன், கணக்கு பார்ப்பவர் என்று எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆளுக்கொன்று வைக்கலாம் என்று மருமகள் வந்த புதிதில் சொன்னாள். "ஒரே அடுப்புல சாப்பிடறவங்களுக்கு நடுவுல எதுக்கும்மா இத்தனை பூட்டு?" என்று அவர் கேட்டதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது. அந்த ஒற்றைப் பெயர் அவருக்குக் குடும்பத்தின் ஒற்றுமையாகத் தெரிந்தது.

நாற்காலியில் சாய்ந்திருந்த தம்பி கரகரத்த தொண்டையோடு சிரித்தார். "அண்ணன் திறந்தா என்ன இப்போ? உள்ள என்ன புதையலா இருக்கு? 'மழை வருமா, குடை எடுத்துக்கோ'ன்னு நான் படிச்சதுதானே இருக்கு."

"நீ பேசாதடா, தொண்டைய வருத்திக்காத" என்ற பெரியவர் மருமகள் பக்கம் திரும்பினார். "அந்தப் பொறிய எடுத்துடு."

"எடுத்துடறேன் மாமா. ஆனா பாஸ்வேர்ட மட்டும் இன்னிக்கே மாத்திடலாம். யாராவது வெளியாள் உள்ள வந்து நோட்டம் பாத்தா முதல்ல இப்படித்தான்..."

"எடுத்துடுன்னு சொன்னேன்."

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். "மாமா சொல்றார்ல" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடியே. அவள் கன்னம் சிவந்துவிட்டது. அங்கேயே நின்று போனில் இரண்டு இடத்தைத் தட்டி, அந்த மணியை நிறுத்தினாள்.

மறுநாள் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த அமளியில் பாஸ்வேர்டு பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

தம்பிக்குக் குடும்பத்தில் 'காது' என்று பெயர். பதிவறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் பேசுகிறவரின் நாக்கு பல்லில் படுவதைக்கூடக் கேட்டுவிடுவார். "தண்ணி குடிச்சிட்டு வாங்க, வாய் காஞ்சிருக்கு" என்பார். பேசியவர் அசந்துபோவார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் குரலைத் துடைத்துத் துலக்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் மைக்குக்கு முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. அண்ணன் மகனின் கல்யாண வீடியோவில்கூட அவர் சத்தம் இல்லை. அன்றைக்கும் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டு எங்கோ ஒரு மூலையில் இருந்தார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, தொண்டையில் கட்டி என்று தெரிந்து, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, மருமகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒருவருடைய பேச்சை நிறையப் பதிந்து கொடுத்தால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை அவருடைய குரலிலேயே பேசும் கருவியைச் செய்து தர ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். பெரியவர் இந்தப் பக்கம். பழக்கமில்லாத பொத்தான்கள், இரண்டு முறை பதிவை அழுத்தவே மறந்துவிட்டார்.

"அண்ணா, சிவப்பு விளக்கு எரியுதான்னு பாருங்க."

"எரியுது, எரியுது, நீ படி."

"அது ஃபேனோட விளக்கு."

கண்ணாடியின் இருபுறமும் கிழவர்கள் இருவரும் சிரித்தார்கள். ஒவ்வொரு நாள் பதிவும் ஒரே நீளக் கோப்பாகச் சேர்ந்தது. அறுவை சிகிச்சை முடிந்த பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகக் கருவி செய்கிறவர்களுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். ஒரு பிரதியைத் தன் அறைக்கு எடுத்துப் போகட்டுமா என்று தம்பி கேட்டார். "நம்ம கூடத்துல இல்லாத பத்திரமா உன் அலமாரில?" என்றார் பெரியவர். தம்பி மறுபடி கேட்கவில்லை. அண்ணன் ஒன்றைச் சொன்னபின் அவர் எதையுமே மறுபடி கேட்டதில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குடும்பம் மொத்தமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தது. கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பெரியவர் இடுப்பில் செருகியிருந்தார். தம்பி ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று மருத்துவர் சொன்னதும் அவர் வீட்டுக்கு வந்து குளித்து, கூடத்தைத் திறந்து, வழக்கம்போல் முன்னறைக் கணினியை இயக்கினார். திரையில் அவர்கள் கூடத்தின் சின்னம் இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. உங்கள் கோப்புகள் எல்லாம் எங்களிடம் பூட்டிக்கிடக்கின்றன, சாவி வேண்டுமானால் பணம் கட்டுங்கள், காவல்துறைக்குப் போகாதீர்கள் என்று ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தது. கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

மருமகள் வந்ததும் முதலில் கணினிகளை இணைத்திருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டாள். அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா, திருடிட்டுப் போயிட்டாங்களா?"

"பொருள் இங்கதான் மாமா இருக்கு. வீட்டுக்குள்ள புகுந்து ஒவ்வொரு அலமாரிக்கும் அவன் பூட்டைப் போட்டுட்டு, சாவிய எடுத்துட்டுப் போயிருக்கான். பாருங்க, எல்லா ஃபைல் பேருக்கும் வால் முளைச்சிருக்கு."

ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால், அவர்கள் யாரும் வைக்காத ஐந்தெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"பேக்கப்னு ஒரு பெட்டி இருக்கே?"

"அதத்தான் முதல்ல அழிச்சிருக்கான். அதுக்கும் உங்க பேர்தானே சாவி. இவங்க வந்த உடனே பூட்ட மாட்டாங்க மாமா. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி சில நாள் சத்தமில்லாம சுத்திப் பாப்பாங்க. எது எங்க இருக்கு, பேக்கப் எங்க இருக்குன்னு. எல்லாரும் அசந்திருக்கற நேரம் பாத்து ஒரே மூச்சுல பூட்டுவாங்க. பூட்ட ஆரம்பிச்ச அப்புறம் கண்டுபிடிக்கறது சுலபம், ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான ஃபைல் மாறும். ஆனா அப்போ தெரிஞ்சு புண்ணியமில்ல. சுத்திப் பாக்கறப்பவே பிடிக்கணும். பழக்கமில்லாத நேரத்துல யாரோ உள்ள வரது, பேக்கப் திடீர்னு நின்னு போறது, அப்புறம்..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அப்புறம்?"

"யாரும் தொடாத ஃபைல யாரோ தொடறது."

பெரியவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார். "காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடணும். அவன் கேக்கறதக் கொடுத்துடலாம். தம்பி வீட்டுக்கு வரதுக்குள்ள எல்லாம் பழையபடி இருக்கணும்."

"அவசரப்படாதீங்க மாமா. இது எந்த வகைன்னு முதல்ல பாக்கறேன்."

அவள் தன் அலுவலகத்து நிபுணர் ஒருவரை வரவழைத்தாள். பெரியவர் அவரைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டார். நிபுணர் அதிகம் பேசாத மனிதர். பெரியவரின் மின்னஞ்சலைத்தான் முதலில் புரட்டினார். வந்த வழி சீக்கிரமே தெரிந்துவிட்டது. தலைமுறை கடந்து நடக்கும் நிறுவனங்களைக் கௌரவிக்கும் விழா, உங்கள் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அழைப்பிதழைத் திறக்க உங்கள் பாஸ்வேர்டை இங்கே தட்டுங்கள் என்று ஒரு கடிதம். பெரியவர் தட்டியிருந்தார். தம்பி குணமாகி வந்ததும் சொல்லி, குடும்பத்தோடு போக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தார்.

"இது யாரா இருந்தாலும் நம்பியிருப்பாங்க மாமா" என்றாள் மருமகள்.

அவள் கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்த ஆறுதல்தான் சுட்டது.

"பணம் கட்டிட்டா குரல் வந்துடுமா, அத மட்டும் சொல்லுங்க" என்று நிபுணரிடம் கேட்டார்.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வகைய எழுதினவன் சரியா எழுதல ஐயா. சின்ன ஃபைல ஒழுங்காப் பூட்டறான், திறக்கவும் முடியும். பெரிய ஃபைல முழுசாப் பூட்ட நேரமாகும்னு நடுநடுவே விட்டுட்டுத் துண்டு துண்டாப் பூட்டறான். துண்டுக்கு ஒரு சாவி புதுசா செய்யறான். ஆனா ஒண்ணு செஞ்சதும் முந்தினத மறந்துடறான். கடைசி சாவி மட்டும்தான் அவன் கைல நிக்கும். மத்ததெல்லாம் அவனுக்கே தெரியாது. நீங்க சொத்தையே எழுதிக் கொடுத்தாலும், உங்க தம்பியோட பதிவைத் திறக்க அவனாலயே முடியாது."

எடுத்தவனிடமும் இல்லாத ஒன்றை யாரிடம் போய்க் கேட்பது? பெரியவருக்குக் கோபப்படக்கூட ஆள் அகப்படவில்லை. எதிரியிடம் பேரம் பேசத் தெரிந்தவர், மானம் போகாமல் விட்டுக்கொடுக்கவும் தெரிந்தவர். இங்கே எதிரே யாரும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடிகாரம் மட்டும்தான்.

"இன்னொண்ணும் இருக்கு ஐயா. உங்ககிட்ட பதிவு பண்ணினவங்களோட ஃபைலையும் அவன் நகல் எடுத்திருப்பான். அவங்களுக்குச் சொல்லியாகணும்."

"நாங்க சொல்லிக்கறோம்" என்று மருமகள் முந்திக்கொண்டாள்.

"நீ எதுக்கு? வீடு என் பேர்ல இருக்கு" என்றார் பெரியவர்.

அன்று மத்தியானமே தொடங்கினார். காவல் நிலையத்துக்கு நேரே போய், நின்றபடியே நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு முன்னறையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரையும் தானே அழைத்தார். "எங்க வீட்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோடது. உங்க பதிவு வெளிய போயிருக்கலாம்." சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கேட்கக் கூடாததைக் கேட்டார்கள். "உங்கள நம்பினதுக்கு நல்லாத் தந்தீங்க" என்று ஒரு பாடகி போனை வைத்துவிட்டார். அப்பா காலத்திலிருந்து தலைநிமிர்ந்து நின்ற பெயர் அது. ஒவ்வோர் அழைப்பிலும் அதைத் தன் கையாலேயே ஒரு படி கீழே இறக்கினார். மனைவி வந்து, "போதும், நாளைக்குப் பண்ணுங்க, முகமே வெளுத்துப்போச்சு" என்றாள். அவர் கேட்கவில்லை. மறைத்துக் காப்பாற்றுவது மானம் அல்ல என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதுவரை மறைக்கப் பார்த்ததுதான் உறுத்தியது.

தம்பி வீடு திரும்பினார். கழுத்தில் வெள்ளைத் துணிக்கட்டு, கையில் எழுதும் பலகை. பெரியவர் யாரையும் சொல்ல விடவில்லை. தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து, மணியை நிறுத்தச் சொன்னதிலிருந்து கடிதத்தில் பாஸ்வேர்டு தட்டியது வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பலகையில் எழுதினார்: "கொஞ்சம்கூட மிஞ்சலயா?"

கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பூட்டிய துண்டுகளுக்கு நடுவே அங்கங்கே விட்டுப்போன இடைவெளிகளை மருமகள் தோண்டி எடுத்திருந்தாள். தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பூட்டிய பகுதி எப்படி இருக்கும் என்று அவர் கேட்க விரும்பியதால், அவள் அதையும் சேர்த்தே ஒலிக்கவிட்டாள். ஒரே சீரான இரைச்சல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, மூச்சு வாங்கும் இடம் இல்லை. ஓட்டுமேல் விடாமல் கொட்டும் மழை மாதிரி. அதற்கு நடுவே திடீரென்று, "...டை எடுத்து..." மறுபடி இரைச்சல். "...ங்க வாம்மா, இத..." இரைச்சல்.

தம்பி பலகையில் எழுதினார்: "பூட்டினா இப்படித்தான் இருக்குமா? இதத் திரைல அலைவடிவமாப் பாத்தாலே தெரியுமே. பேச்சு மலை மாதிரி ஏறி இறங்கும். இது சுவர்."

"ஆமா சின்ன மாமா. நாங்க கண்டுபிடிக்கறதும் அதே மாதிரிதான். உருவமே இல்லாம ஃபைல் மாறுதான்னு பாப்போம்" என்றாள். வேலையைப் பற்றிப் பேசக் கிடைத்ததில் அந்த ஒரு கணம் இருவர் முகத்திலும் ஒளி இருந்தது. பிறகு அவள் அழுதுவிட்டாள்.

கருவி செய்கிறவர்கள் அந்தத் துணுக்குகளை வைத்தே முயன்று பார்ப்பதாகச் சொன்னார்கள். செய்தும் அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் தம்பியைச் சுற்றி நின்றார்கள். அவர் தட்டச்சு செய்தார், கருவி பேசியது. மகன், "சித்தப்பா மாதிரியே இருக்கு!" என்றான். பெரியவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் கேட்காத ஏதோ ஒன்று தம்பிக்குக் கேட்டது. மறுபடி ஒருமுறை, தலையைச் சாய்த்து, மைக்குக்கு முன்னால் இருப்பவரைக் கேட்பது போலவே கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதினார்.

"இது நான் இல்ல. என்னை மாதிரி பேசிக் காட்டற ஒருத்தன்."

அதற்குமேல் அவரை யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை. அந்தக் காதை ஏமாற்ற அதுவரை யாராலும் முடிந்ததில்லை.

அப்போது பெரியவருக்கு ஒன்று தோன்றியது. சகோதரர்கள் குரலைத் தானமாகக் கொடுப்பதுண்டு என்று கருவி செய்கிறவர்களே சொல்லியிருந்தார்கள். போனில் இவரா அவரா என்று உறவினர்கள் குழம்புமளவுக்கு இருவர் குரலும் ஒரே வார்ப்பு. தம்பி தனியாக இருந்த நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்தார்.

"நான் படிக்கறேன்டா. நீ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காரு. எத்தனை நாள் ஆனாலும் சரி. என் குரல் உனக்கு இருக்கட்டும். நான் கெடுத்தத நானே குடுத்துடறேன்."

அவர் தன் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை. பிறகு பலகையை எடுத்து, நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினார்.

"கோபம் இல்லண்ணா. ஆனா வேண்டாம். கூடம் உங்க பேர். கம்ப்யூட்டர் உங்க பேர். நான் பண்ணின வேலையெல்லாம் உங்க பேர்லதான் வெளிய போச்சு. எனக்கு அது குறையா இல்ல, என்னோடதுன்னு குரல் ஒண்ணு இருந்தது. அதுவும் உங்களோடதா ஆக வேண்டாம்."

பெரியவர் இரண்டு முறை படித்தார். குடும்பம் ஒன்று என்று அவர் பெருமையோடு கட்டிக்காத்ததற்குள் தம்பி எங்கே இருந்தார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தம்பியும் சொன்னதில்லை. கேட்காமல் இருந்ததற்கு இனி எந்த வார்த்தையும் ஈடாகாது. தலையை அசைத்துவிட்டு எழுந்தார். நிலைப்படியில் ஒரு கணம் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தே நடந்து போனார்.

மருமகள் கூடத்தின் கணினிகளைப் புதிதாக அமைத்தாள். இந்த முறை ஆளுக்கொரு பெயர். தம்பியின் பெயரைத் தட்டி முதலில் உள்ளே போய்ப் பார்த்தவர் பெரியவர்தான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்று சொல்லிக்கொண்டார்.

தம்பி கருவியோடு வந்த ஆயத்தக் குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய குரல். செய்தி வாசிப்பது போல் தெளிவு, வயதும் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது.

ஒரு மத்தியானம் முன்னறையில் போன் அடித்தது. பெரியவர் எடுத்தார்.

"வேலை முடிஞ்சுதா?" என்றது ஒரு குரல்.

"யாரு பேசறது?"

மறுமுனையில் எழுத்துகளைத் தட்டும் சத்தம் மெல்லக் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பெரியவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"உங்க தம்பி" என்றது அந்நியனின் குரல், பொறுமையாக. "சாப்பிடலாம், மேல வாங்க."

"வரேன்" என்றார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.